சீமைத் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும்

என் தங்கையின் முகத்தைக் கெடுத்தவள் நான்தான்.

வெயில் அல்ல. சித்திரை வெயிலில் ஸ்கூட்டரில் சுற்றிக் கல்யாணப் பத்திரிகை வைத்ததால் வந்த வினை என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாளே... அது பாதி உண்மை. மீதிப் பாதி என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், பச்சை மூடி போட்ட ஒரு பாட்டிலில் இருந்தது. அதை என் கையால் எடுத்தேன். என் கையால் வடிகட்டினேன். என் கையாலேயே அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது சிரித்தேன்!

என்னைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ராசிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து வாணி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "மொகத்துக்குத் தண்ணி குடுக்கற அக்காங்களா?" என்று கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு. கெமிக்கல் கலக்காதவள், ஏமாற்றத் தெரியாதவள், கைராசிக்காரி...

கைராசி!

அந்தத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் அளவு உங்களுக்குப் பிடிபடாது. விட்ச் ஹேசல் என்று ஒரு செடி. நம் பக்கம் முளைப்பதில்லை, குளிர்தேசத்துச் செடி. அதன் பட்டையையும் குச்சிகளையும் வேகவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து இறக்கிய தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பார்க்க வெறும் தண்ணீர்தான். முகர்ந்தால் மழையில் நனைந்த விறகின் வாசம் லேசாக வரும். பஞ்சில் தொட்டு முகத்தில் ஒற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு அடங்கும், தோல் சற்று இறுகும், பருவின் சிவப்புத் தணியும். ஆன்லைனில் வாங்கலாம். என் அம்மா அதற்குச் 'சீமைத் தண்ணி' என்று பெயர் வைத்தாள். "சீமைத் தண்ணி போட்டாத்தான் உன்ற மொகம் வெளங்குமாக்கும்!" என்று கேலியும் செய்தாள்.

விளங்கத்தான் செய்தது. வயதுக்கு வந்த வருடம் எனக்கு முளைத்த பருக்கள், இரண்டு பையன்களைப் பெற்ற பிறகும் அடங்காமல் இருந்தன. கடலை மாவு, வேப்பிலை, மஞ்சள், டிவியில் காட்டிய களிம்பு என்று நான் போடாதது எதுவும் இல்லை. கடைசியில் இந்தத் தண்ணீர்தான் அடக்கியது. அதில் பன்னீரும் சில சொட்டு கிளிசரினும் சேர்த்து எனக்கென்று ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், கொடுத்தேன். அவள் நாத்தனார் கேட்டாள், கொடுத்தேன். அப்படித்தான் இது ஒரு தொழிலாயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து நான்கு பேர், "என்னங்க போடறீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் ருசி உங்களுக்குத் தெரியுமா? அழகாகப் பிறந்தவர்களுக்குத் தெரியாது.

நித்யாவுக்குத் தெரியாது.

நித்யா என் தங்கை. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பா சின்னதாகக் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பண்ணையில் தீவனம் போடுவோம், முட்டை பொறுக்குவோம். அந்தத் தூசியும் வியர்வையும் என் முகத்தில் பருவாக வெடிக்கும். அவளோ ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை அலம்பிக்கொண்டு வந்து நிற்பாள். விளக்கி வைத்த பித்தளைக் குடம் மாதிரி இருக்கும் அந்த முகம்! விசேஷ வீடுகளில் பாட்டிமார்கள் அவள் தாடையைப் பிடித்து, "என்ன லட்சணம் பாரு" என்பார்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் எனக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "பெரியவ நல்லாப் படிக்குமாட்ட இருக்குது" என்பார்கள்.

நான் படிப்பிலும் சுமார்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், அம்மா நித்யாவைக் காலையிலேயே மேச்சேரியில் இருக்கும் மாமா வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் பவுடரை அப்பிக்கொண்டிருந்தபோது, "அவ இருந்தா ஒப்பிட்டுப் பாப்பாங்கல்லோ" என்று அம்மா அத்தையிடம் தணிந்த குரலில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அம்மா எனக்கு நல்லதுதான் செய்தாள். ஆனால் அந்த நல்லதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று பொழுதோடு திரும்பி வந்த நித்யா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "மாப்ள எப்பிடிக்கா? சிரிச்சாரா?" என்று கேட்டாள். தன்னை ஏன் அனுப்பினார்கள் என்று அவளுக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன்!

எனக்கு ராசிபுரத்தில் வாய்த்தது. அவளுக்குத் திருச்செங்கோட்டில், ரிக் லாரி வைத்திருக்கும் வீட்டில் வாய்த்தது. மாப்பிள்ளை போர் போடும் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அந்த நாட்களில் அவள் அடிக்கடி என் வீட்டுக்கு வருவாள். என் முகத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்கு அது தேவையே இல்லை. அக்கா செய்கிறாள் என்பதற்காகப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம், "எங்கக்கா செய்யற தண்ணிங்க" என்று சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். திருச்செங்கோட்டிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் எனக்குப் போன் வர ஆரம்பித்தது. "ஏனுங்க்கா, நித்யா போட்டுக்கற தண்ணி இருக்குதுங்களா?"

நித்யா போட்டுக்கற தண்ணி!

பட்டையின் குணம் அறிந்தவள் நான். எந்த அளவில் பன்னீர், எந்த அளவில் கிளிசரின் என்று கையால் கண்டவள் நான். என் பரு முகத்தில் போட்டுப் போட்டு, எரிந்து, சிவந்து, திருத்தித் திருத்திப் பக்குவம் பிடித்தவள் நான். ஆனால் தண்ணீருக்குப் பெயர் அவள் பெயர். பருவே வராத முகத்தைப் பார்த்துப் பருவுக்கு மருந்து கேட்டார்கள்! நான் சிரித்துக்கொண்டே, "இருக்குதுங்க, அனுப்பி வெக்கறேன்" என்றேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

இனி அந்தப் பச்சை மூடி பாட்டிலுக்கு வருகிறேன்.

விட்ச் ஹேசல் தண்ணீரில் ஸ்பிரிட் சேர்த்தது ஒரு வகை, சேர்க்காதது ஒரு வகை. மற்றவர்களுக்கு நான் கொடுப்பதெல்லாம் ஸ்பிரிட் இல்லாதது. எனக்கென்று மட்டும், பருத் தழும்பின் கருமை போகட்டும் என்று, ஸ்பிரிட் சேர்ந்த தண்ணீரில் எலுமிச்சைத் தோலைச் சீவி ஊறப்போட்டு வைத்திருந்தேன். படுக்கப் போகும்போது போட்டு, விடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். பகலில் போடவே கூடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருமுறை மத்தியானம் அதை வடிகட்டும்போது மணிக்கட்டில் சிந்தியது. துடைத்துவிட்டு மொட்டை மாடியில் வடகம் பிழியப் போனேன். மறுநாள் அந்த இடம் வெந்ததுபோல் எரிந்தது, கொப்புளித்தது, பிறகு கறுத்தது. வழிந்த வழிக்கே கறுப்பு! வளையலை இறக்கி அதை மறைத்துக்கொண்டுதான் பல மாதம் வெளியே போனேன். எலுமிச்சையும் வெயிலும் தோலின் மேல் சேரக் கூடாது. அன்றிலிருந்து என்னிடம் தண்ணீர் வாங்க வரும் ஒவ்வொருத்தியிடமும், "எலுமிச்ச கிலுமிச்ச தேச்சுட்டு வெயில்ல போயராதீங்க" என்று எச்சரித்து அனுப்புவேன்.

ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. கவனித்தீர்களா?

எங்களுக்கு ஒரே தம்பி, பிரபு. அவனுக்குப் பெண் நிச்சயமாயிற்று. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்கு இணையாக அவனுடைய சகோதரி மணவறையில் உட்காருவாள். கூறைச்சேலை கையில் இருக்கும். சடங்கை நடத்தும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல, ஊர் உறவெல்லாம் பார்க்க, அந்தச் சீர் நடக்கும். அதற்குப் பிறகு அவள் வெறும் அக்காவோ தங்கையோ அல்ல, இணைச்சீர்க்காரி. சாகும்வரை தம்பி வீட்டில் அவளுக்கென்று ஒரு முதல் மரியாதை. எத்தனை சகோதரிகள் இருந்தாலும் உட்காருவது ஒருத்திதான்.

மூத்தவள் நான். எனக்கு வேறு எண்ணமே வரவில்லை. என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அம்மா போன் செய்தாள். சுற்றி வளைத்து, மண்டபம், சமையல்காரர், மாலைக்காரர் எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொன்னாள்: "இணைச்சீரு சின்னவ செய்யட்டும்னு உங்கப்பன் சொல்றாரு சாமி. இப்பெல்லாம் போட்டோ வீடியோன்னு வந்துருச்சு பாரு... நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"அதுக்கென்னம்மா, யாரு செஞ்சா என்ன" என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கவில்லை. போட்டோவுக்காக! என் தம்பியின் பக்கத்தில் நான் உட்கார்ந்தால் போட்டோ கெட்டுவிடுமாம்! பெண் பார்க்க வந்த நாளில் அவளை ஒளித்து வைத்தார்கள், இப்போது என்னை ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள்... எப்படிப் பார்த்தாலும் கணக்கில் வருவது அவள் முகம்தான்.

அன்று எனக்குள் புகுந்ததற்குப் பொறாமை என்ற சொல் போதாது. ஆனால் வேறு சொல்லும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே நித்யா வந்தாள். மறுநாளிலிருந்து அவளும் அம்மாவும் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறார்கள். வண்டி ஓட்டுவது அவள். எடப்பாடி, சங்ககிரி, மல்லசமுத்திரம் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். முகத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றாள்.

"வெயில்ல வண்டியோட்டுனா மொகமெல்லாம் காஞ்சு போகுதுக்கா. வழியில அப்பப்ப போட்டுக்கறதுக்கு ஒரு பாட்டிலு குடு."

உள்ளே போனேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். அவளுக்குரியது வெள்ளை மூடி. அதன் பக்கத்தில் பச்சை மூடி.

இந்த இடத்தில் நான் தயங்கினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தயங்கவில்லை. பச்சை மூடியை எடுத்து, தோல் துண்டுகள் விழாமல் மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, புதுப் பாட்டிலில் ஊற்றி, வெள்ளை மூடியைப் போட்டுத் திருகினேன். என்ன நினைத்தேன் தெரியுமா? 'நாலு நாள் கறுத்துப் போகட்டும், கல்யாணத்தன்று மட்டும் கறுத்திருந்தால் போதும்' என்று நினைத்தேன். இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டவள், கொப்புளத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேனாம்! என் மணிக்கட்டு வெந்தது எனக்கு அப்போது மறந்து போயிருந்ததாம்! இதை நீங்கள் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"என்னக்கா, எலுமிச்ச வாசம் அடிக்குது?"

"இது வேற கம்பெனிது. அப்பிடித்தான் அடிக்கும்."

"நல்லாருக்குதுக்கா" என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "அக்கா, உன்ற பட்டு ஜாக்கெட்டு ஒண்ணு குடேன். கழுத்து மாடல் பாக்கோணும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இணைச்சீரையும் எடுத்துக்கொண்டாய், இப்போது என் ஜாக்கெட்டின் கழுத்தும் வேண்டுமா? பீரோவிலிருந்து அரக்கு நிற ஜாக்கெட்டை எடுத்து அவள் கையில் போட்டேன். அதுவரை மனதின் ஏதோ ஒரு மூலையில், 'பகலில் போடாதே' என்று சொல்லிவிடலாமா என்ற நினைப்பு இருந்திருந்தால், அந்த ஜாக்கெட்டோடு அதுவும் போய்விட்டது.

"வாரேன்க்கா" என்று வண்டியை எடுத்தாள். கையசைத்தேன்.

இரண்டாம் நாளே அம்மாவிடமிருந்து போன். முகம் எரிகிறது என்கிறாளாம். அடுத்த நாள் கொப்புளம். வழியில் மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி, தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்திலும் கழுத்திலும் தடவிக்கொண்டு, மறுபடி வெயிலில் போயிருக்கிறாள். எரிய எரிய, குளிர்ச்சிக்கு என்று இன்னும் தடவியிருக்கிறாள்!

அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கன்னத்தில் தீற்றல் தீற்றலாகச் சிவந்து நீர் கோத்திருந்தது. தாடையிலிருந்து கழுத்துக்குத் தண்ணீர் வழிந்த தடம் அப்படியே கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்... என் மணிக்கட்டில் பார்த்த அதே கோடு.

உங்களிடம் மறைக்க வேண்டாம் என்றுதானே எழுத உட்கார்ந்தேன்? இதையும் எழுதிவிடுகிறேன். அவளை அப்படிப் பார்த்த முதல் கணத்தில் எனக்கு வந்தது பயமல்ல, பரிதாபமுமல்ல. ஒரு சின்ன ஆறுதல்! நான்கு பேர் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி நிற்கப் போகிறோம் என்ற ஆறுதல். அடுத்த கணமே அவள் வலி தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் பயம் வந்தது.

அவளுக்குக் கொடுத்த பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து, "வெயில்ல சூடேறிக் கெட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிக் கருவேப்பிலைச் செடி அடியில் கவிழ்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவை யார் கேட்பார்கள்?

சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் நானேதான் கூட்டிப் போனேன். கூட்டிப் போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே! டாக்டர் விளக்கைப் பிடித்து அவள் கழுத்துக் கோட்டைப் பார்த்தார். பார்த்த உடனே கேட்டார்.

"எலுமிச்ச, நாரத்த, இந்த மாதிரி ஏதாச்சும் தடவிட்டு வெயில்ல போனீங்களாம்மா?"

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது... கேள்வி கேட்கிற பார்வை அல்ல. சும்மா பார்த்தாள்.

"அக்கா செய்யற தண்ணி மட்டுந்தானுங்க" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அதுல என்னம்மா போடறீங்க?"

வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டேன். "விட்ச் ஹேசலும் பன்னீரும் கொஞ்சம் கிளிசரினுந்தானுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க டாக்டர். எல்லாம் இயற்கைதானுங்க."

ஆம், இயற்கைதான். எலுமிச்சையும் இயற்கைதானே!

பாட்டிலைக் கொடுத்தது ஒரு குற்றம் என்றால் இது அதைவிடப் பெரிய குற்றம். அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டருக்கு வைத்தியம் தெளிவாக இருந்திருக்கும். அவமானம் எனக்கு மட்டும் வந்திருக்கும். பொறாமையில் செய்ததற்காவது பித்துப் பிடித்திருந்தது என்று சாக்குச் சொல்லலாம்... இது முழுப் புத்தியோடு, மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து சொன்ன பொய்.

திரும்பும் வழியில் நித்யா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கினாளா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்தினம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இணைச்சீரு நீதான் செய்யற சாமி" என்றாள். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. காரணம்தான் உள்ளறையில் முகத்தில் களிம்போடு படுத்திருந்ததே! ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்த சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மண்டபத்து அறையில் அம்மா ஒரு பையைக் கொண்டு வந்து வைத்தாள். உள்ளே மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை. அதோடு தைத்த ஜாக்கெட். அது எனக்கு எப்படிச் சேரும் என்று நினைத்தேன். நித்யா ஒல்லி, நான் இரட்டை நாடி. ஊக்குக் குத்தியாவது சமாளிக்கலாம் என்று கையை நுழைத்தேன்.

அச்சாகப் பொருந்தியது.

தோள், கை, இடுப்பு எல்லாம் என் அளவு. கழுத்து மட்டும் புது மாடல். நான் கொக்கி மாட்டாமல் அப்படியே நின்றேன்.

"இது... யாரு அளவும்மா?"

அம்மா தலைக்குப் பூ வைத்துக்கொண்டே சொன்னாள்: "உன்ற அளவுதான். சின்னவ உன்கிட்ட இருந்து அளவு ஜாக்கெட்டு வாங்கிட்டு வந்து குடுத்தா பாரு, அதுல தெச்சது. அவகிட்ட இணைச்சீரப் பத்தி நாங்க சொன்ன அன்னிக்கே முடியவே முடியாதுன்னுட்டா. பெரியவ இருக்கறப்ப நான் உக்காந்தா நல்லாருக்குமான்னு உங்கப்பங்கிட்ட ஒரே சண்ட. சேலையக்கூட அவதான் எடுத்தா. உனக்குச் சொல்லப்படாது, கல்யாணத்தன்னிக்குக் கையில குடுத்துத்தான் சொல்லோணும்னா. இப்ப இந்த மூஞ்சியோட எப்பிடி வந்து குடுக்கறதுன்னு என்னையக் குடுக்கச் சொல்லீட்டா."

கேட்டீர்களா?

அவள் என் வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்து கேட்டாளே, கழுத்து மாடல் என்று... அது எனக்கு! கையில் என் ஜாக்கெட்டையும் கைப்பையில் நான் கொடுத்த பாட்டிலையும் சுமந்துகொண்டுதான் வெயிலில் இறங்கியிருக்கிறாள். என்னுடையதைத் தட்டிப் பறிக்கிறாள் என்று நான் பல்லைக் கடித்த அதே நிமிடம், தன்னுடையதை எனக்குத் தைத்துக் கொடுக்கத்தான் அளவு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்!

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். வெறுமனே வெள்ளை மூடியை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். எல்லாம் எனக்கே வந்திருக்கும்.

மேளம் கேட்டது. கூப்பிட்டார்கள், போனேன். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூறைச்சேலையைப் பிடித்திருந்த என் விரல்கள் மரத்துக் கிடந்தன. அருமைக்காரர் சொன்னதெல்லாம் செய்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, கடைசி வரிசைத் தூணோரம் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நித்யா நின்றிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள், "தம்பி மேல எத்தன பாசம்!" என்றார்கள். வீடியோக்காரர் என் கண்ணீரைக் கிட்டத்தில் வந்து எடுத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோ இன்று அம்மா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இணைச்சீர்க்காரியாக நான். மாம்பழ நிறப் பட்டு. குடும்பப் போட்டோ எதிலும் நித்யா இல்லை, எடுக்க வேண்டாம் என்றுவிட்டாள். தம்பிக்கு இப்போது ஒரு பெண்குழந்தை. அந்தப் போட்டோவைக் காட்டி, "அத்தை" என்று கைநீட்டுகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் சேலை எனக்குத்தான் வருகிறது. வாங்கிப் பீரோவில் வைக்கிறேன். கட்டுவதில்லை.

மங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். மங்கியது, ஆனால் முழுதாகப் போகவில்லை. வலது கன்னத்தில் ஒரு திட்டும், தாடையிலிருந்து கழுத்துக்கு அந்தக் கோடும் இருக்கின்றன. யாராவது கேட்டால், "வெயில்ல சுத்துனேனுங்க, என்ற தப்புத்தான்" என்கிறாள். கூடவே, "அக்கா தண்ணி போட்டுத்தான் இந்தளவுக்காச்சும் கொறஞ்சுதுங்க" என்றும் சொல்கிறாளாம். இப்போதும் எனக்குத் திருச்செங்கோட்டிலிருந்து போன் வருகிறது. என் தொழில் அவள் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது.

அவளுக்குத் தெரியுமா? எலுமிச்சை வாசம் அடிக்கிறது என்று அவளேதானே சொன்னாள்? டாக்டர் எலுமிச்சை என்றதும் என்னை ஏன் பார்த்தாள்? தெரிந்துதான் என்னைக் காப்பாற்றுகிறாளா? அல்லது அக்கா அப்படிச் செய்வாள் என்று நினைக்கவே தெரியாதவளா? எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறேன். "நித்யா..." என்பேன். "என்னக்கா?" என்பாள். "ஒண்ணுமில்ல, சாப்பிட்டுப் போ" என்பேன். தெரியாது என்றால் சொல்லி அவளை உடைக்க வேண்டும். தெரியும் என்றால்... தெரிந்தும் சும்மா இருக்கிறவளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னை நீங்கள் நல்லவளாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் கறையோடும் அவள்தான் அழகு! இன்றும் விசேஷ வீடுகளில் பார்வைகள் அவளிடம்தான் முதலில் போகின்றன. இன்றும் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. இத்தனைக்குப் பிறகும்!

பச்சை மூடி பாட்டிலை நான் மறுபடி வைக்கவே இல்லை. எலுமிச்சைத் தோலை ஊறப்போடுவதும் இல்லை. சமையலுக்கு எலுமிச்சை பிழிந்தால்கூடத் தோலை உடனே குப்பையில் போட்டுவிடுகிறேன். இதனால் யாருக்கு என்ன பயன்?

நேற்றும் வந்திருந்தாள். வழக்கம்போல் தண்ணீர் கேட்டாள். அவள் கண்ணெதிரிலேயே கலந்து, வெள்ளை மூடி போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எப்போதும் அவள் எதிரிலேயேதான் கலக்குகிறேன். அவள் பேசிக்கொண்டே மூடியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இப்படித்தான். முகராமல் அவள் ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்த ஒரு நொடி நான் மூச்சு விடாமல் நிற்பேன்.

முகர்ந்துவிட்டு, பாட்டிலையும் பஞ்சையும் என்னிடமே நீட்டினாள்.

"நீயே போட்டு உடுக்கா" என்று முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.